சேலம் எட்டு வழிச் சாலை: ஊர்க்காரர்கள் எதை எதிர்க்கிறார்கள், எதைக் கேட்கிறார்கள்?

சென்னை–சேலம் எட்டு வழிச் சாலை செத்துப்போன திட்டம் என்று ஒரு நாள் சொல்வார்கள், உயிரோடுதான் இருக்கிறது என்று இன்னொரு நாள் சொல்வார்கள். 2018-லிருந்து இதே கதைதான். ஒவ்வொரு தடவை செய்தியில் வரும்போதும் இரண்டு வரிகள் கூடவே வரும். ஒன்று, 'விவசாயிகள் எதிர்க்கிறார்கள்'. மற்றொன்று, 'பெரும்பாலானவர்கள் நிலம் தரத் தயாராக இருக்கிறார்கள்'. இரண்டையும் படிப்பவருக்கு யார் சொல்வது உண்மை என்று குழப்பம் வருவது இயல்பு. இரண்டிலுமே 'ஊர்' என்பது ஒரே ஆள் மாதிரி பேசுகிறது, பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. என்ன மாதிரிச் சாலை, எந்தச் சட்டத்தில் நிலம் எடுக்கிறார்கள், பணம் எப்படிக் கணக்காகிறது என்று அடியிலிருந்து பார்த்தால்தான் ஊரில் யார் எதற்காக எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பது புரியும்.

முதலில், திட்டம் என்ன

2018 பிப்ரவரியில் ஒன்றிய அரசு அறிவித்த திட்டம் இது. பாரத்மாலா என்ற தேசிய நெடுஞ்சாலைத் திட்டத்தின் கீழ் வருகிறது. நீளம் சுமார் 277 கிலோமீட்டர், மதிப்பு சுமார் 10,000 கோடி ரூபாய். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று அன்றைய ஐந்து மாவட்டங்கள் வழியாகப் போகிறது. கிருஷ்ணகிரியில் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது, ஏறத்தாழ 2 கிலோமீட்டர்தான். திருவண்ணாமலை மாவட்டத்தில் மட்டும் 120 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அதனால்தான் சாலையின் பெயரில் சென்னையும் சேலமும் இருந்தாலும் செய்யாறு, வந்தவாசி, போளூர், செங்கம் பக்கத்து ஊர்களில் இவ்வளவு பேச்சு.

பாரத்மாலா பட்டியலில் முதலில் இருந்தது சென்னை–மதுரை வழித்தடம், அதற்குப் பதிலாகத்தான் சென்னை–சேலம் உள்ளே வந்தது. அப்போது முதலமைச்சராக இருந்த எடப்பாடி பழனிசாமி சேலம் மாவட்டத்துக்காரர். 'இந்தச் சாலையை யார் கேட்டார்கள்' என்ற கேள்வி ஊர்களில் எழுந்ததற்கும், பிறகு அதுவே நீதிமன்றத்தில் வாதமானதற்கும் இந்த மாற்றம்தான் காரணம்.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். அரசு இதைப் 'பசுமை வழிச் சாலை' என்று அழைத்தது. 'கிரீன்ஃபீல்டு' என்பது பொறியியல் சொல். ஏற்கெனவே இருக்கிற சாலையை அகலப்படுத்தாமல், சாலையே இல்லாத இடத்தில் புதிதாகப் போடுவது என்று அதற்குப் பொருள். மரம் செடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சாலையே இல்லாத இடம் என்றால் வடதமிழ்நாட்டில் அது என்னவாக இருக்கும்? வயல், தோப்பு, ஏரி, கரடு, காடு. பழைய சாலையை விரிவாக்கினால் கடை, வீடு, கோவில் எல்லாம் இடிபடும், நகரத்தில் நிலவிலையும் அதிகம். புதுத் தடம் போட்டால் கட்டடம் குறைவாக இடிபடும், வழியும் நேராக வரும். பொறியாளர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தச் சேமிப்பின் விலை முழுவதும் விவசாயி தலையில் விழுகிறது.

70 மீட்டர் என்றால் எவ்வளவு?

வரைபடத்தில் ஒரு மெல்லிய கோடு. நிலத்தில் அதன் அகலம் முதலில் 90 மீட்டர் என்றார்கள், எதிர்ப்புக்குப் பிறகு 70 மீட்டராகக் குறைத்தார்கள், காட்டுப் பகுதியில் இன்னும் குறைவு. தார் போடுகிற அகலம் மட்டுமல்ல இது. நடுத்திட்டு, கரை, வடிகால், பிற்காலத்தில் விரிவாக்க வைத்துக்கொள்ளும் இடம் எல்லாம் சேர்ந்தது.

ஒரு கிலோமீட்டருக்கு 70 மீட்டர் அகலம் என்றால் 7 ஹெக்டேர், அதாவது 17 ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. 277 கிலோமீட்டருக்குப் பெருக்கிப் பாருங்கள், 1,900 ஹெக்டேரைத் தாண்டும், ஏக்கர் கணக்கில் சுமார் 4,800.

இந்தப் பெரிய எண் உண்மையில் அவ்வளவு முக்கியமில்லை. சின்னக் கணக்குதான் முக்கியம். இரண்டு ஏக்கர் வைத்திருக்கிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். நிலம் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் சுமார் 90 மீட்டர். அதன் நடுவே 70 மீட்டர் சாலை போனால் ஒன்றரை ஏக்கருக்கு மேல் போய்விடும். மீதி இருப்பது இந்தப் பக்கம் பத்து மீட்டர், அந்தப் பக்கம் பத்து மீட்டர் பட்டை, இரண்டும் சேர்ந்து 44 சென்ட்தான். அதில் ஏர் திருப்பவும் இடமில்லை. கிணறு ஒரு பட்டையிலும் வயல் மறு பட்டையிலும் மாட்டிக்கொண்டால் தண்ணீர் கொண்டுபோக வழியும் இல்லை. பதிவேட்டில் அவர் இன்னும் நில உரிமையாளர்தான். விவசாயம் செய்ய முடியாத உரிமையாளர்.

நிலம் எடுப்பவர்கள் 'உங்கள் நிலத்தில் இத்தனை சதவீதம்தான் போகிறது' என்று சொல்வதும், விவசாயி 'எல்லாமே போகிறது' என்று சொல்வதும் ஒரே நிலத்தைப் பற்றித்தான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் பரப்பை எண்ணுகிறார், மற்றவர் பிழைப்பை எண்ணுகிறார்.

அந்தச் சாலையில் யார் ஏறலாம்?

நம் ஊரில் சாலை என்றால் பழக்கமான ஒரு படம் மனதில் வரும். ஓரத்தில் டீக்கடை, பஸ் நிறுத்தம், நெல் காய்வது, சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். விரைவுச் சாலை அந்த வகை இல்லை. குறிப்பிட்ட சில சந்திப்புகளில் மட்டும்தான் ஏறலாம், இறங்கலாம். இரு பக்கமும் வேலி, கூடவே சுங்கக் கட்டணம். மணிக்கு 100, 120 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஓட வேண்டுமென்றால் இப்படித்தான் கட்ட முடியும், மாடு குறுக்கே வந்தால் எல்லாருக்கும் ஆபத்து. அப்போது சாலையை ஒட்டிய ஊர்க்காரருக்கு அது சாலை இல்லை, ஒரு சுவர். அடுத்த சுரங்கப்பாதை எங்கே இருக்கிறதோ அங்கே போய்த்தான் தன் மறுபக்கத்து நிலத்துக்கு வர முடியும்.

இது ஊகம் இல்லை, பக்கத்து மாநிலத்தில் நடந்திருக்கிறது. பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலை, சுமார் 119 கிலோமீட்டர், 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. அதே வருடம் ஆகஸ்ட் 1 முதல் அதன் முதன்மைத் தடத்தில் பைக், ஆட்டோ, டிராக்டர் போகத் தடை. ராமநகரா, சன்னபட்ணா, மத்தூர், மண்டியா எல்லாம் புறவழிச் சாலையால் ஒதுங்கிவிட்டன. மரப்பொம்மைக்குப் பேர்போன சன்னபட்ணாவும் வடைக்குப் பேர்போன மத்தூரும் வழிப்போக்கர் வண்டியை நம்பி வியாபாரம் செய்த ஊர்கள், அந்த வண்டிகள் இப்போது ஊருக்குள் வருவதில்லை. பெங்களூரிலிருந்து மைசூரு போகிறவருக்கு நேரம் மிச்சம், அதை மறுக்கவே முடியாது. ஆனால் லாபம் இரு முனைகளிலும், நஷ்டம் நடுவிலும் சேர்ந்தது. சேலம் சாலையில் அந்த 'நடு' என்பது திருவண்ணாமலையும் தருமபுரியும்.

நிலம் எடுக்கும் சட்டம் எப்படி நகர்கிறது

'சம்மதம் இல்லாமல் நிலம் எடுக்க முடியாதே, 2013 சட்டம் இருக்கிறதே' என்று பலர் கேட்கிறார்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிட்டால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

2013-ல் வந்த நிலம் கையகப்படுத்தல் சட்டத்தில் இரண்டு நல்ல அம்சங்கள் உண்டு. தனியார் திட்டத்துக்கு 80 சதவீதம், அரசு–தனியார் கூட்டுத் திட்டத்துக்கு 70 சதவீதம் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் சம்மதம் வேண்டும். அதோடு சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும், அதாவது யார் யார் எப்படி பாதிக்கப்படுவார்கள் என்று ஊருக்குள் போய் ஆய்வு செய்து, மக்கள் முன்னால் வைத்துப் பேச வேண்டும். ஆனால் அதே சட்டத்தின் 105-ஆம் பிரிவு 13 சட்டங்களுக்கு விலக்குக் கொடுக்கிறது. தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், 1956 அந்தப் பதின்மூன்றில் ஒன்று. 2015-ல் வந்த ஓர் ஆணை இழப்பீடு, மறுவாழ்வு ஆகிய பகுதிகளை மட்டும் இந்தச் சட்டங்களுக்கும் நீட்டியது. சம்மதமும் சமூகத் தாக்க மதிப்பீடும் நீளவில்லை.

ஆக நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது 1956 சட்டப்படி. அதன் படிகள் இவை:

1. 3ஏ அறிவிப்பு: இந்த இந்தப் புல எண்களை எடுக்க எண்ணியுள்ளோம் என்று அரசிதழில் வெளியிடுவது.
2. 3சி ஆட்சேபணை: அறிவிப்பு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். நம் மாநிலத்தில் பெரும்பாலும் மாவட்ட வருவாய் அலுவலர் நிலையிலான அதிகாரி விசாரிப்பார்.
3. 3டி அறிவிப்பு: இது வெளியான அன்றே நிலம் ஒன்றிய அரசுக்குச் சொந்தமாகிவிடும், பணம் பிறகுதான். 3ஏ வந்து ஓராண்டுக்குள் 3டி வராவிட்டால் 3ஏ காலாவதி.
4. 3ஜி தீர்வம்: எவ்வளவு பணம் என்று முடிவு செய்வது. தொகை போதாது என்றால் ஒன்றிய அரசு நியமிக்கும் நடுவரிடம் போக வேண்டும், அது பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர்.
5. 3எச், 3இ: 3எச்-படி பணத்தைச் செலுத்தி, பிறகு 3இ-படி நிலத்தைச் சுவாதீனம் எடுப்பது.

இரண்டாவது படியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஆட்சேபணை என்றதும் 'இந்தச் சாலையே வேண்டாம்' என்று சொல்லலாம் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். சட்டம் கேட்பது அதுவல்ல. இந்த நிலத்தை இந்தக் காரியத்துக்குப் பயன்படுத்துவதில் உனக்கு என்ன ஆட்சேபம் என்பது மட்டும்தான். சாலை தேவையா, வேறு வழி இருக்கிறதா, ஏன் இந்தப் பக்கமாக வருகிறது என்பதெல்லாம் அங்கே எடுபடாது. கிராம சபையில் தீர்மானம் போட்டாலும் இந்தச் சட்டத்தில் அதற்கு ஓர் எடையும் கிடையாது. ஊர் சொல்ல விரும்பும் விஷயத்துக்குச் சட்டத்தில் நாற்காலி போடவில்லை என்பதுதான் என் முக்கியமான வருத்தம். அப்புறம் அந்தப் பேச்சு வேறெங்கே போகும்? 2018 ஜூனில் போலீஸ் காவலோடு வந்து வயலில் கல் நட்டபோது, நட்ட கல்லைப் பிடுங்கிப் போட்டதிலும், மண்ணில் விழுந்து அழுததிலும், கறுப்புக் கொடியிலும், கைதுகளிலும் போய் நின்றது.

பணம்: இரண்டரை மடங்கு என்பதும், முக்கால் பங்குதான் என்பதும்

இழப்பீடு 2013 சட்டப்படிதான். சந்தை மதிப்பு என்று ஒன்றை முடிவு செய்வார்கள். ஊரகப் பகுதி என்றால் அதை 1 முதல் 2 வரை மாநில அரசு நிர்ணயித்த எண்ணால் பெருக்குவார்கள். மரம், கிணறு, கட்டடம் தனியாக மதிப்பிட்டுச் சேர்ப்பார்கள். மொத்தத்துக்குச் சமமாக ஆறுதல் தொகை என்று இன்னொரு பங்கு. அதாவது இரட்டிப்பு. அறிவிப்பு நாளிலிருந்து தீர்வம் வரை சந்தை மதிப்பின் மேல் ஆண்டுக்கு 12 சதவீதம் கூடுதல்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் 'சந்தை மதிப்பு' என்ற சொல்லில் ஒளிந்திருக்கிறது. அது ஊரில் நிலம் கைமாறும் விலை அல்ல. அரசின் வழிகாட்டி மதிப்பு, பக்கத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான பத்திரங்களில் விலை கூடுதலாக உள்ள பாதியின் சராசரி, இவற்றில் எது அதிகமோ அது. நம் ஊரில் பத்திரத்தில் எழுதுகிற விலைக்கும் கைமாறுகிற பணத்துக்கும் உள்ள இடைவெளி எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதற்கு மேல், தமிழ்நாட்டில் 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள். 2023-ல்தான் அது மறுபடி ஏறியது. எட்டு வழிச் சாலை அறிவிப்பு வந்த 2018 சரியாக அந்தப் பள்ளத்தில் விழுகிறது.

ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். ஊரில் ஏக்கர் 20 லட்சம் போகிறது, பத்திரத்தில் 6 லட்சம். பெருக்கும் எண் 1.25 என்று வைத்துக்கொள்ளுங்கள். 6-ஐ 1.25-ஆல் பெருக்கினால் 7.5, ஆறுதல் தொகையோடு 15 லட்சம். 'இரண்டரை மடங்கு கொடுக்கிறோம்' என்று அதிகாரி சொல்வது உண்மை. 'இந்தப் பணத்தில் பக்கத்து ஊரில் முக்கால் ஏக்கர்தான் வாங்க முடியும்' என்று விவசாயி சொல்வதும் உண்மை. பத்திரத்தில் குறைத்து எழுதியது நிலம் வாங்கினவரின் தவறுதானே என்று கேட்கலாம். அப்படி எழுதியது பக்கத்து நிலத்தை வாங்கின யாரோ ஒருவர். மூன்று தலைமுறையாக நிலத்தை விற்காமல் உழுதுகொண்டிருப்பவர் அதற்கு எப்படிப் பொறுப்பாவார்?

நிலம் துண்டாவதால் வரும் நஷ்டம், மிச்ச நிலத்தின் வருமானம் குறைவது, வீடு மாற்றும் செலவு ஆகியவற்றையும் 3ஜி பிரிவு கணக்கில் எடுக்கச் சொல்கிறது. மேலே சொன்ன 44 சென்ட் ஆள் இதைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கேட்க உரிமை இருப்பதே பலருக்குத் தெரியாது.

ஊருக்குள் எத்தனை குரல்

இப்போது ஊர்ப் பேச்சுக்கு வரலாம். ஒரே கோடு ஊரை எத்தனையாகப் பிரிக்கிறது என்று பாருங்கள்.

பாசன நிலம் வைத்திருப்பவர்தான் கடுமையாக எதிர்ப்பவர். சேலம் பக்கம் பூலாவரி, குப்பனூர், அச்சாங்குட்டப்பட்டி மாதிரி ஊர்களில் தென்னை, பாக்கு, மஞ்சள், பூ என்று வருடம் முழுக்கக் கையில் காசு வரும் விவசாயம். அங்கே கிணறு என்பது தாத்தா வெட்டியது, அப்பா ஆழப்படுத்தியது, மகன் உள்ளே போர் போட்டது. நிலத்துக்கு நிலம் கொடுத்தாலும் அந்த நீர் ஊற்று கிடைக்காது என்பது அவர்கள் வாதம், அது உணர்ச்சிப் பேச்சு அல்ல. கல்பாறைப் பூமியில் ஒரு வயலில் தண்ணீர் இருக்கும், ஐம்பது அடி தள்ளி இருக்காது.

மானாவாரி நிலத்துக்காரர் நிலை வேறு. மழையை நம்பிச் சோளமும் கடலையும் போட்டு, பிள்ளைகள் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ போய்விட்ட குடும்பம் என்றால், நல்ல விலை வந்தால் கொடுத்துவிடலாம் என்று நினைப்பவர் நிச்சயம் உண்டு. அவர்களைத் துரோகி என்று பேசுவது தவறு. 'பெரும்பாலானவர்கள் தயார்' என்று அரசு சொன்னபோது எண்ணியதில் இவர்களும் இருந்திருப்பார்கள்.

கூட்டுப் பட்டா இன்னொரு தலைவலி. அண்ணன் தம்பி நான்கு பேர், பட்டா இன்னும் தாத்தா பெயரில். பணம் யார் பெயருக்கு வரும், உடன்பிறந்த பெண்களுக்குப் பங்கு உண்டா என்று குடும்பத்துக்குள்ளேயே இரண்டு மூன்று அணி.

நிலம் இல்லாதவர்களைத்தான் யாரும் கேட்பதில்லை. களை எடுக்கிறவர், மரம் ஏறுகிறவர், வாரத்துக்கோ குத்தகைக்கோ வாய்ப்பேச்சில் உழுகிறவர். 2013 சட்டம் மூன்றாண்டு அங்கே வேலை செய்து பிழைத்த கூலித் தொழிலாளியையும் குத்தகைதாரரையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்றே சொல்கிறது, மறுவாழ்வுத் தொகையும் உண்டு. ஆனால் அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கிற வேலையைச் செய்ய வேண்டியது சமூகத் தாக்க மதிப்பீடு. நெடுஞ்சாலைக்கு அது தேவையில்லை என்று விலக்கியாகிவிட்டது. உரிமை காகிதத்தில் இருக்கிறது, பெயரை எழுதும் கை இல்லை. இந்தத் திட்டத்தில் மிகப் பெரிய அநியாயம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். இதில் கணிசமானவர்கள் தலித் குடும்பங்கள், பெண்கள்.

புறம்போக்கில் வீடு கட்டியிருப்பவர், மலையடிவாரத்தில் ஆண்ட அனுபவம் மட்டும் உள்ளவர் ஆகியோரின் கவலையும் இதே மாதிரிதான்.

அப்புறம் ஆதரவுக் குரல்கள். சேலத்து ஜவுளி, வெள்ளிக் கொலுசு, மாம்பழ வியாபாரத்தில் இருப்பவர்கள், லாரி வைத்திருப்பவர்கள், அவசர சிகிச்சைக்குச் சென்னைக்கு ஓடியவர்கள். இவர்கள் சொல்வதில் ஒரு வலுவான உண்மை இருக்கிறது. உளுந்தூர்பேட்டை–சேலம் சாலையில் நான்கு வழியில் வேகமாக வந்துகொண்டிருக்கும் வண்டி கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர், வாழப்பாடி போன்ற ஊர்களின் புறவழிச் சாலையில் திடீரென்று இரு வழிக்குச் சுருங்க வேண்டியிருந்தது. அந்த இடங்களில் எத்தனை விபத்து, எத்தனை சாவு. புதுச் சாலை வந்தால் பல மணி நேரப் பயணம் பாதியாகக் குறையும் என்று அரசு சொன்னபோது, அந்த வழியில் ஆளைப் பறிகொடுத்த குடும்பம் அதை ஆவலோடு கேட்டதில் என்ன ஆச்சரியம்?

சந்திப்பு வரப்போகிற இடத்துக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவரும் ஆதரவாளர்தான், விலை ஏறும். அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிற அவருக்கு நிலமும் போகாது, லாபமும் வரும். இவரும் 'உள்ளூர்க்காரர்' தான்.

ஏரி, மலை, இரும்பு

காஞ்சிபுரமும் திருவண்ணாமலையும் ஏரி மாவட்டங்கள். ஒரு ஏரி நிரம்பி வழிந்தால் அடுத்த ஏரிக்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு என்று தண்ணீர் சங்கிலியாகப் போகும் அமைப்பு. விரைவுச் சாலையை வயலுக்குச் சமமாகப் போட மாட்டார்கள், மண் கொட்டி உயர்த்திக் கரை மாதிரிதான் போடுவார்கள். நீரோட்டத்துக்குக் குறுக்கே கரை போட்டால் ஒவ்வொரு ஓடைக்கும் வாய்க்காலுக்கும் குழாயோ பாலமோ வைக்க வேண்டும். வருடத்தில் பத்து நாள் மட்டும் தண்ணீர் ஓடும் ஓடை, கோடையில் அளக்க வருகிறவர் கண்ணுக்குப் படாது. அதை விட்டுவிட்டால் மேலே வெள்ளம், கீழே வறட்சி. மைசூரு சாலையில் ராமநகரா அருகே மழைநீர் தேங்கி நின்றதை நாடே பார்த்தது. எந்த ஓடை எந்த மாதம் ஓடும் என்பது ஏரிப் பாசன விவசாயிக்கு மனப்பாடம். அவரிடம் கேட்டு வரைபடம் போட்டால் சாலைக்கும் நல்லது.

தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே மஞ்சவாடி கணவாய், சேலத்தை ஒட்டி ஜருகுமலை என்று மலையும் காப்புக் காடும் வருகின்றன. இங்கே மக்களுக்கு இன்னொரு சந்தேகம். 2000-களின் இறுதியில் திருவண்ணாமலை அருகே கவுத்தி மலை, வேடியப்பன் மலையில் இரும்புத் தாது வெட்ட ஒரு திட்டம் வந்தது, மக்கள் எதிர்த்தார்கள், நடக்கவில்லை. சேலம் கஞ்சமலையிலும் இரும்புத் தாது உண்டு. 'இந்தச் சாலை மலையை வெட்டி ஏற்றுமதி செய்யத்தான்' என்ற பேச்சு அதிலிருந்து பிறந்தது. அரசு இதை மறுத்தது, சாலைக்கும் சுரங்கத்துக்கும் தொடர்பு என்று நிரூபணம் எதுவும் கிடையாது. ஆனால் ஒரு தடவை மலைக்காகப் போராடிய ஊர், அடுத்து வரும் எதையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கும். வாய்திறந்து முன்கூட்டியே விளக்கியிருந்தால் இந்தச் சந்தேகம் இவ்வளவு வளர்ந்திருக்காது.

நீதிமன்றங்கள் சொன்னது என்ன

2019 ஏப்ரல் 8, மக்களவைத் தேர்தலுக்குப் பத்து நாள் முன்பு, சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுப்பு அறிவிப்புகளை ரத்து செய்தது. வருவாய் ஆவணங்களில் மாற்றிய பெயரை மறுபடி உரிமையாளர் பெயருக்கே மாற்றச் சொன்னது. அதன் வாதம் எளிமையானது. 3டி வந்ததும் நிலம் முழுசாக அரசுக்குப் போய்விடும் என்றால், அதற்குப் பிறகு சுற்றுச்சூழல் ஆய்வும் பொதுமக்கள் கருத்துக் கேட்பும் நடத்தி என்ன பயன்? முதலில் அனுமதி, பிறகு நிலம்.

2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இதை மாற்றியது. நிலம் எடுக்க எண்ணம் தெரிவிக்கும் 3ஏ அறிவிப்பு செல்லும், அதற்கு முன்னால் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை, ஆனால் கட்டுமான வேலை தொடங்க அனுமதி கட்டாயம் என்றது. 3ஏ வந்த கையோடு அனுமதிக்கு விண்ணப்பிக்கவும், அனுமதி பெற ஆகும் காலத்தை அந்த ஓராண்டுக் கணக்கில் சேர்க்காமல் விடவும் வழி சொன்னது.

இதைப் பல பேர் 'விவசாயிகள் தோற்றுவிட்டார்கள்' என்று மட்டும் படித்தார்கள். அது அரைகுறை வாசிப்பு. சுற்றுச்சூழல் அனுமதி என்றால் 2006 அறிவிக்கையின்படி, விலக்கு ஏதும் இல்லாத நிலையில், மாவட்டந்தோறும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 30 நாள் முன்னறிவிப்போடு நடத்தும், மாவட்ட ஆட்சியர் தரப்பில் தலைமை. நிலம் இல்லாதவரும் பேசலாம். பேசுவதைப் பதிவு செய்தே ஆக வேண்டும். 3சி-யில் இல்லாத நாற்காலி இங்கே உண்டு, கூட்டத்தின் முடிவு அரசைக் கட்டுப்படுத்தாது என்ற குறையோடு.

அந்தத் தீர்ப்பில் இன்னொரு விளைவும் இருக்கிறது. ஓராண்டுக் கடிகாரத்தை நிறுத்தி வைப்பது நிர்வாகத்துக்கு வசதி. நிலத்துக்காரருக்கோ, காலாவதி என்று ஒன்று வரும், அன்றைக்கு நிம்மதி என்ற ஒரே தேதியும் கையை விட்டுப் போகிறது.

மாற்று வழி உண்டா?

ஊர்க்காரர்கள் வெறும் 'வேண்டாம்' மட்டும் சொல்லவில்லை. இருக்கிற இரண்டு வழிகளை, அதாவது உளுந்தூர்பேட்டை வழியையும் வேலூர்–கிருஷ்ணகிரி வழியையும் முதலில் சரிசெய்யுங்கள் என்றார்கள். இரு வழியாகச் சுருங்கிய புறவழிச் சாலைகளை நான்காக்குவதற்கு ஆகிற நிலம் இதில் ஒரு சிறு பகுதிதான், விபத்தும் அங்கேதான் நடந்தது. அது மட்டும் போதாது, பத்து இருபது வருடத்தில் வண்டிகள் பெருகிவிடும் என்பது எதிர்வாதம், அதிலும் பொருள் உண்டு. ஆனால் எந்த வரிசையில் செய்வது என்பது முக்கியம். உயிர் போகிற இடத்தை முதலில் சரிசெய்துவிட்டு, அதன் பிறகும் போதவில்லை என்று எண்ணிக் காட்டினால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

இடையில் சிக்கிய ஆண்டுகள்

2021-ல் ஆட்சி மாறியது, போராடியவர்கள் மீதான வழக்குகள் திரும்பப் பெறப்படும் என்று அறிவித்தார்கள். அது பெரிய ஆறுதல். ஆனால் புல எண் ஒரு தடவை அறிவிப்பில் வந்துவிட்டால் அந்த நிலத்தை வாங்க ஆள் வரமாட்டார், அடமானம் வைக்கப் போனால் வங்கி தயங்கும், மகள் கல்யாணத்துக்கு இரண்டு ஏக்கரில் அரை ஏக்கரை விற்கலாம் என்று நினைத்தவர் வட்டிக்கு வாங்க வேண்டியதுதான். இந்த இழப்புக்கு எந்தப் பிரிவிலும் கணக்கு இல்லை. திட்டம் வந்தால் அறிவிப்பு நாளிலிருந்து 12 சதவீதம் உண்டு, வராமல் போனால் அதுவும் இல்லை.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கோடு வரலாம் என்றால் இப்போதே செய்யக்கூடியது சில உண்டு.

1. பட்டா தாத்தா பெயரில் இருந்தால் வாரிசுகள் பெயருக்கு மாற்றிவிடுங்கள், உட்பிரிவும் செய்துவிடுங்கள்.
2. கிணறு, போர், மரங்கள் அடங்கலில், அதாவது பயிரையும் மரத்தையும் பதியும் கிராமக் கணக்கில், சரியாக ஏறியிருக்கிறதா என்று வி.ஏ.ஓ. அலுவலகத்தில் பாருங்கள். அடங்கலில் இல்லாத தென்னைக்கு இழப்பீடு கேட்டு வாங்குவது பெரும்பாடு.
3. 3ஏ அறிவிப்பில் உங்கள் புல எண் வந்தால் 21 நாளுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். நிலம் துண்டாவதால் வரும் நஷ்டத்தையும் அப்போதே எழுதிவையுங்கள்.
4. குத்தகைக்கு உழுகிறவர், கூலிக்கு வருகிறவர் பெயர்களை ஊரே சேர்ந்து ஒரு பட்டியலாக எழுதி, கருத்துக் கேட்புக் கூட்டத்தில் கொடுங்கள். வேறு யாரும் அதை எழுதப்போவதில்லை.

தென்னங்கன்று வைத்தால் காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும். சாலை வருமா வராதா என்று தெரியாத வயலில் கன்று வைப்பதா, இந்த வருடமும் கடலையே போட்டுவிடுவதா என்ற முடிவை அந்தக் கோட்டின் மேல் இருக்கும் குடும்பங்கள் 2018-லிருந்து ஒவ்வோர் ஆடியிலும் எடுத்துக்கொண்டிருக்கின்றன.